தபால்காரன் சொன்ன கலியாணம்

நோபல் பார்க்,
2 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சி ரஞ்சினிக்கு,

நீயும் மச்சானும் சிட்னி வெக்கையைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்குக் கொலஸ்ட்ரோலைத் தவிர வேறு குறை இல்லை.

மூன்று வார ஆலோசனைக்குப் பின், கடந்த சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு, நான் இறுக்கமான கறுப்புக் காற்சட்டை அணிவதென்று முடிவெடுத்திருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில் ஒருவர் எடுக்கும் முடிவுகளில் இது சிறியதல்ல. காற்சட்டையின் பின்புறத்தில் பஞ்சுத் திண்டு ஒன்று வைத்துத் தைத்திருக்கிறது. உன் மச்சாள் மனைவிக்குரிய உரிமையோடு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உதைப் போட்டுக்கொண்டு முன் கதவால மட்டும் போகாதேங்கோ" என்றா. ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. பின்பக்கக் குசினிக் கதவால் போவதென்று உடன்பாடு கண்டோம்.

காரணத்தைச் சொல்கிறேன். மே மாதம் பிரான்சுக்குப் போய், லுவார் ஆற்றங்கரை வழியே பன்னிரண்டு நாள் சைக்கிள் ஓடப்போகிறேன். அடுத்த தெருப் பல் வைத்தியர் கீர்த்தனன் இரண்டு வருடத்துக்கு முன் ஓடிவிட்டு வந்தவர். அவர் காட்டிய படங்களில் ஆற்றுக்கு நடுவில் ஒரு மாளிகை நின்றது. வரித் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் ஒரே கதிரையில் இருந்த எனக்கு, அரசர்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. ஏன் குறிப்பாக லுவார் என்று நீ கேட்பாய். கோட்டைகள். வேறு காரணம் இல்லை.

எங்கள் இளையவள் சயந்தினியின் கலியாணம் ஆகஸ்ட் 31, ஆவணி பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை என்று நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை நரேனின் பெற்றோர் பரமட்டாவிலிருந்து வந்து பேசிவிட்டுப் போனார்கள். நல்ல சனங்கள், தமிழ்நாடு. இடியப்பத்துக்கு வைத்த எங்கள் சொதியை சூப் என்று நினைத்துக் கரண்டியால் குடித்தார்கள்.

இதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுபத்துநாலு பேர் இருக்கிறார்கள். என் காற்சட்டை இரவோடிரவாக ரொறொன்ரோ போய்ச் சேர்ந்துவிடும்.

மச்சானின் முதுகு நோ எப்படி என்று எழுது.

அன்புடன்,
சின்னண்ணா மகேந்திரராஜா


ஸ்ட்ராத்ஃபீல்ட்,
14 பெப்ரவரி 2025

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. இவருடைய முதுகு பரவாயில்லை. மச்சாளின் கண் சத்திரசிகிச்சை எப்போது என்று எழுதவில்லையே.

வேறு காரணம் இல்லை என்ற வரியை வாசித்தேன். பிறகு மேப்பைத் திறந்தேன். நீங்கள் ஓடப்போகும் வழியில் ஷேர் என்றொரு கிளையாறு வருகிறது. அதன் கரையில் மோன்ரிஷார் என்றொரு சிறிய ஊர். உங்களுக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்: அங்கே அருந்தவன் என்று ஒருவர் இருக்கிறார். அப்பா போன பிறகு உங்களுடையதும் என்னுடையதுமான பள்ளிக்கூடப் படிவங்களில் கையெழுத்து வைத்தவர். காளான் வளர்க்கும் குகையில் இருபத்தெட்டு வருடம் குனிந்து வேலை செய்தவர். எங்கள் பெரியண்ணா. உங்களோடு பதினொரு வருடமாகப் பேசாதவர்.

ஏன் பேசுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மூத்தவளின் கலியாணத்துக்கு நானூறு பேருக்கு அச்சடித்த அதே அழைப்பு மட்டையை, பெயரை மட்டும் பேனாவால் எழுதி, அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினீர்கள். சொந்த அண்ணனுக்கு. மச்சாளோடு சோடியாக வீட்டுக்குப் போய், தட்டம் வைத்து, வாயால் சொல்லவேண்டிய இடம். தூரம் என்றீர்கள். தூரந்தான். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "தபால்காரன் சொன்ன கலியாணத்துக்குத் தபால்காரனே போகட்டும்."

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. சயந்தினிக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிரான்சிலிருந்து வாழ்த்து மட்டை வருகிறது. ஒரு வருடமும் தவறவில்லை. போன கிழமை அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "நோ பெரியப்பா, நோ மணவறை, மாமி. ரெஜிஸ்ட்ரேஷனோட நிப்பாட்டுறன்" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

போகிற வழிதானே. உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புத் தங்கச்சி,
ரஞ்சினி


நோபல் பார்க்,
16 மார்ச் 2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். இந்த ஒரு மாதமாக நான் பயிற்சியில் இருக்கிறேன். இந்தச் சைக்கிளில் காலணி மிதியோடு பூட்டிக்கொள்ளும். வேகத்துக்கு நல்லது. நிற்பதற்கு நல்லதல்ல. ஹெதர்டன் வீதிச் சமிக்ஞை விளக்கில், பன்னிரண்டு கார்களுக்கு முன்னால், முற்றாக நின்றுவிட்ட நிலையில், மெதுவாக இடதுபக்கம் சாய்ந்து விழுந்தேன். ஒரு பெண்மணி காரை விட்டு இறங்கி அம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டா. கீர்த்தனன் தன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "அங்கிள், நிக்க முதல் காலைக் கழட்டுங்கோ. நிண்ட பிறகு கழட்டலாம் எண்டு யோசிச்சா ரோட்டுத்தான்" என்றார். மனிதர் பல் பிடுங்குவதும் இதே நிதானத்தோடுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டியலக் வரை கடற்கரை வீதியால் போய், அங்கே காப்பி குடித்துவிட்டுத் திரும்புகிறோம். இருபது பேர், எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. காப்பிக் கடையில் அவர்கள் பேசுவது சைக்கிளின் எடையைப் பற்றி மட்டும். தங்கள் எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நூலகத்திலிருந்து ஐந்து புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். அந்த அரசர்கள் கோட்டை விட்டுக் கோட்டை போகும்போது கட்டிலையும் கதிரைகளையும் திரைச்சீலைகளையும் கூடவே தூக்கிக்கொண்டு போவார்களாம். யுத்தத்தின்போது நாங்களும் கொழும்புக்கு அப்படித்தான் போனோம். எங்களுக்கு முன்னால் எக்காளம் ஊதவில்லை என்பதுதான் வித்தியாசம்.

உன் கடிதத்தில் கேட்டிருந்த மற்ற விஷயங்களுக்குப் பதில்: மச்சாளின் கண் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. இப்போது தூசியெல்லாம் தெரிகிறதாம். அது எனக்கு நல்லதாக முடியவில்லை.

அன்புடன்,
சின்னண்ணா


ஸ்ட்ராத்ஃபீல்ட்,
20 ஏப்ரல் 2025

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

நாங்கள் நலம். மச்சாளின் கண் தெளிந்தது மகிழ்ச்சி.

நான் கேட்டிருந்த மற்ற விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நீங்கள் எழுதவில்லை. எழுதாததையும் வாசித்தேன்.

பெரியண்ணாவின் விலாசத்தை இத்துடன் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் வருவதாக நான் அவருக்குச் சொல்லவில்லை. அது என் வாயால் சொல்லவேண்டிய சேதி அல்ல. வெயிலுக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள்.

ரஞ்சினி


ஷாம்போர், பிரான்ஸ்,
11 மே 2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

நான்காம் நாள். உடம்பு நலம், சீற்றில் இருக்கும் இடத்தைத் தவிர. நீங்கள் இருவரும் சுகந்தானே.

இன்று கண்டதை எழுதுவதற்குரிய மொழி எனக்கு வரித் திணைக்களத்தில் பயிற்றுவிக்கப்படவில்லை. முயற்சி செய்கிறேன்.

காட்டுக்கு நடுவே நேர்கோடாக ஒரு பாதை. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். என் சங்கிலி ஓடும் சத்தத்தையும் ஒரு குயிலையும் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அது கடிகாரத்தில் கூவும் அதே குயில். இவ்வளவு காலமும் கடிகாரக்காரர்கள் செய்த கற்பனை என்று நினைத்திருந்தேன். திடீரென்று மரங்கள் முடிந்தன. புல்வெளி. அதன் எல்லையில், ஒரு மாளிகையின் கூரைமேல் இன்னொரு ஊரையே ஏற்றி வைத்ததுபோல், கோபுரங்களும் புகைபோக்கிகளும் மாடங்களும் வெள்ளைக் கல்லில் நின்றன. நான் காலைக் கழற்றாமல் நின்றுவிட்டேன். விழுந்தேன். விழுந்த இடத்தில் கிடந்தபடியே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். எழும்பினால் அது அங்கே இருக்காதோ என்று ஒரு பயம்.

நானூறுக்கு மேற்பட்ட அறைகள். குளிர்காய்வதற்கு இருநூற்றெண்பத்திரண்டு அடுப்புகள். கட்டிய அரசன் அங்கே தங்கியது மொத்தம் எழுபத்திரண்டு இரவுகளாம். முன்கூடத்தில் வெள்ளைச் சோபா வாங்கிப் போட்டு, பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் பூட்டி வைத்திருக்கும் எங்கள் மெல்பேர்ன் சனங்களை நான் இனிக் குறைசொல்லமாட்டேன்.

நடுவில் ஒரு படிக்கட்டு. உண்மையில் இரண்டு; ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகின்றன. ஒன்றில் ஒருவர் ஏறலாம், மற்றதில் இன்னொருவர் இறங்கலாம். நடுச்சுவரில் வெட்டிய ஜன்னல்களால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சந்திக்கமாட்டார்கள். நான் நாலு தரம் ஏறி இறங்கினேன். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒருவர் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். கல்லும் அவருக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது. எதற்காக இப்படிக் கட்டினார்கள் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். நிச்சயமாக ஒருவருக்கும் தெரியாது என்றாள்.

கோட்டைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. ரொட்டியும் மிக நல்லது.

அன்புடன்,
சின்னண்ணா


ஷெனோன்சோ,
14 மே 2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

முதல் கடிதம் உனக்கு இன்னும் கிடைத்திராது. பொறுக்கமுடியாமல் அடுத்ததை எழுதுகிறேன். நலமாக இரு. எனக்கு முழங்கால் மட்டும் நோகிறது.

கீர்த்தனனின் படத்தில் இருந்த மாளிகை இதுதான். ஷேர் ஆற்றின் மேல், ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, பாலமாகவே கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரு கூடம், கறுப்பும் வெள்ளையுமாகத் தரைக்கல். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. தண்ணீரின் வெளிச்சம் மேலே வந்து கூரையில் அசைகிறது. எனக்கு முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்த முப்பது பேரும் அங்கே நுழைந்ததும் தாங்களாகவே குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

முதல் உலக யுத்தத்தில் அந்தக் கூடம் ஆஸ்பத்திரியாக இருந்ததாம். இரண்டாவதில் நடந்ததுதான் என்னை நிறுத்தியது. ஆறுதான் எல்லை. வடக்குக் கதவு ஜெர்மன்காரர் பிடித்த பக்கம், தெற்குக் கதவு மறுபக்கம். சனங்கள் இந்தக் கூடத்தால் நடந்து தப்பியிருக்கிறார்கள். நானும் நடந்தேன். தொண்ணூற்றிரண்டு எட்டு. எங்கள் யுத்தத்தில் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து தப்பிவர நீயும் நானும் வள்ளத்தில் கிடந்த நேரத்தை நினைத்துக்கொண்டேன். தெற்குக் கதவைத் தாண்டி வெளியே வந்தால் புல்லும் மரமுந்தான். காவலாளி ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூற்றிரண்டு எட்டு வைத்தால் முடிகிற ஒரு தூரத்துக்காக மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நம்பக் கடினமாக இருந்தது.

வழியில் எண்பது வயதிருக்கக்கூடிய ஒரு பெண்மணி, கூடையில் வெங்காயத்தாளோடு, மின்சாரச் சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு போனா. போகும்போது வணக்கமும் சொன்னா. என்னால் பதிலுக்கு மூச்சுத்தான் விட முடிந்தது.

நாளை ஆற்றோரமாகக் கிழக்கே பத்துக் கிலோமீட்டர் போய்வர யோசனை. மோன்ரிஷாரில் பதினோராம் நூற்றாண்டுக் கோபுரம் ஒன்று இருக்கிறது. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது.

அன்புடன்,
சின்னண்ணா


ஃபோன்தெவ்ரோ,
17 மே 2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

நீ நலமென்று எடுத்துக்கொள்கிறேன். நான் நலமென்று எழுதினால் முழு உண்மையாக இராது.

இங்கே ஒரு பழைய மடம். வெறும் வெள்ளைக் கல்லால் ஆன மிக நீளமான தேவாலயம், அதன் நடுவில் தரையிலே நாலு பேர் படுத்திருக்கிறார்கள். கல்லறைச் சிலைகள். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி அரசன், பக்கத்தில் அவன் மனைவி எலினோர். அவன் அவளைப் பதினாறு வருடம் சிறை வைத்தவன். மகன்கள் அவனோடு போர் செய்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பம் இப்போது கைநீட்டினால் தொடும் தூரத்தில் படுத்திருக்கிறது. ராணியின் கையில் ஒரு புத்தகம் விரித்தபடி இருக்கிறது. எண்ணூறு வருடமாக அவள் அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் அவர்கள் பாதத்திலிருந்து முகத்துக்கு நகரும்வரை, ஒரு மணி நேரம், நான் நின்றேன். இவ்வளவு பக்கத்தில் கிடப்பதற்கு எல்லாரும் செத்துத்தான் ஆகவேண்டியிருக்கிறது என்று தோன்றியது.

ஆகையால் எழுதுகிறேன். 15ஆம் திகதி மோன்ரிஷார் போனேன். கோபுரத்தைப் பார்க்கவில்லை. நீ எழுதித் தந்த தெருவால் மூன்று தரம் போனேன். நாலாவது தரம் அண்ணா வீட்டு வாசல் படலையடியில் நின்றேன். காலைக் கழற்றிவிட்டு நின்றேன். அண்ணா தக்காளிக் கன்றுகளுக்குக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. எனக்கு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, இறுக்கமான காற்சட்டை. நான் வாயைத் திறந்தேன். வந்தது ஒரு சொல்தான்: தண்ணீர். அதுவும் பிரெஞ்சில்.

அவர் போத்தலை வாங்கி, குழாயில் அலசி, நிரப்பித் தந்தார். பிரெஞ்சில் ஏதோ நல்லதாகச் சொன்னார். வழிப்போக்குச் சைக்கிள்காரர் எல்லாருக்கும் சொல்வதாக இருக்கும். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காற்சட்டையோடு நின்று எப்படிச் சொல்வது? தட்டமில்லை, வேட்டியில்லை, உன் மச்சாள் பக்கத்தில் இல்லை. இவையெல்லாம் காரணங்கள் என்று எனக்குத் தெரியும். உண்மையான காரணம் வேறு. ஆறு வருடத்துக்கு முன் அண்ணாவின் மனைவி, எங்கள் பெரிய மச்சாள், செத்தபோது நான் போகவில்லை. அதற்கும் ஒரு மட்டைதான் அனுப்பினேன். கலியாணத்துக்கு மட்டை அனுப்பியவனைப் படலையில் நிற்க விடலாம். செத்தவீட்டுக்கும் மட்டை அனுப்பியவன் எந்த முகத்தோடு நிற்பது?

சயந்தினியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வரும் வியாழக்கிழமை பாரிஸிலிருந்து விமானம்.

சின்னண்ணா


மின்னஞ்சல்
18 மே 2025, ஞாயிறு

சின்னண்ணா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. அதனால்தான் கடிதமாக எழுதவில்லை. நீங்கள் பிரான்சிலிருந்து எழுதிய ஒன்றும் இன்னும் வந்துசேரவில்லை. என்ன எழுதினீர்கள் என்றும் தெரியாது. பெரியண்ணா சற்று முன் தொலைபேசி எடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பார். வழக்கம்போல் மழை, தக்காளி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உவன்ர சைக்கிள் சீற்றை ரெண்டு விரற்கடை உயர்த்தச் சொல்லு. முழங்கால் வெளியால போகுது. நாலு தரம் போனவன், நாலு தரமும் பாத்தனான்."

ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"தண்ணி கேட்டான், குடுத்தனான். வேறொண்டும் கேக்கேல்லையே."

உங்களுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

ரஞ்சினி


மோன்ரிஷார், அண்ணா வீடு,
21 மே 2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

மேலே உள்ள விலாசத்தைக் கவனிக்கவும். நாங்கள் நலம்.

உன் மின்னஞ்சல் கிடைத்தபோது நான் சோமூரில் இருந்தேன். சந்தையில் வேட்டி இல்லை. விசாரித்ததில் வெள்ளை லினன் துணியில் மேசை விரிப்பு ஒன்று கிடைத்தது. எட்டுப் பேர் இருந்து சாப்பிடும் மேசைக்குரியது, ஒரு மூலையில் திராட்சைக் குலை பின்னியிருந்தது. வெற்றிலைக்கு வழியில்லை. ஒரு தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் அனுமதியோடு, திராட்சைக் கொடியில் இளம் இலை பதினொன்று பறித்தேன். அவர் சமைப்பதற்கா என்று கேட்டார். அழைப்பதற்கு என்றேன்.  வாழைப்பழம், தேசிக்காய்க்கு மஞ்சள் எலுமிச்சை. தட்டத்துக்கு விடுதியின் காலைத் தேத்தண்ணித் தட்டை இரவல் வாங்கினேன்.

நேற்றுக் காலை ரயிலில் வந்து, மோன்ரிஷார் நிலையக் கழிவறையில் விரிப்பை உடுத்தேன். திராட்சைக் குலை பின்னால் வரும்படி பார்த்துக்கொண்டேன். ஒரு கையில் சைக்கிள், மறுகையில் தட்டம். எண்ணூறு மீட்டர் நடந்தேன். அந்த ஊரார் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார். ஏதோ சமயச் சடங்கு என்று நினைத்திருப்பார். அவர் நினைத்தது பிழையுமில்லை. ஆயிரம் வருடக் கோபுரம் வலப்பக்கத்தில் நின்றது. வெயில் பட்டு அதன் கல் ரொட்டி நிறத்தில் இருந்தது. என் வாழ்நாளில் நான் நடந்த மிக நீளமான தெரு அதுதான்.

அண்ணா படலையைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தார்.

"உதென்ன, மேசைச் சீலையே?"

"ஓம் அண்ணை."

"சோடியா வரவேணுமெண்டு தெரியாதோ?"

நான் தொலைபேசியைத் தேசிக்காயில் சாய்த்துத் தட்டத்தில் வைத்தேன். இங்கே காலை பத்து, அங்கே மாலை ஆறு. உன் மச்சாள் மூத்தவளின் கலியாணச் சேலையைக் கட்டி, பொட்டு வைத்து, எங்கள் முன்கூடத்தில் எழுந்து நின்றா. அத்தான், நீங்கள்தான் முன்னுக்கு நின்று நடத்தித்தரவேண்டும் என்று சொன்னா. குரல் உடைந்தது; இணைப்புக் கோளாறு என்று பிறகு சொன்னா. அடுத்தது என் முறை.

"அண்ணை, ஆவணி பதினைஞ்சு, சயந்தினிக்குக் கலியாணம். நீங்கள் வரவேணும்." அதோடு நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. "மச்சாளின்ர செத்தவீட்டுக்கு நான் வராதது…"

அவர் கையை உயர்த்தினார். "தட்டத்தோட நிண்டு உதைக் கதைக்கக் கூடாது. நல்ல காரியம் சொல்ல வந்தனி. முதல்ல தட்டத்தை வை. பிறகு கதைப்பம்."

இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினார். திராட்சை இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, காம்பு நீளம், பரவாயில்லை என்றார். பிறகு உள்ளே போய் பெரிய மச்சாளின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

பிறகு கதைத்தோம். அதை எழுதப்போவதில்லை.

பின்னேரம் அவர் காளான் குகைக்குக் கூட்டிப்போனார். மலைக்குள் கிலோமீட்டர் கணக்காக இருள். மேலே நான் பார்த்த அத்தனை மாளிகைகளுக்கும் கல் இப்படித்தான் தோண்டி எடுத்தார்களாம், மிஞ்சிய வெற்றிடத்தில் காளான். அரசர்களின் வீட்டை மேலே பார்த்து வாய்பிளந்துகொண்டு பன்னிரண்டு நாள் ஓடினேன். அது புறப்பட்ட பள்ளத்தில் என் அண்ணன் இருபத்தெட்டு வருடம் குனிந்து நின்றிருக்கிறார். சுவரில் உளித் தடங்கள் அப்படியே இருந்தன. நான் தொட்டுப் பார்த்தேன். குளிராக இருந்தது.  அவர் எனக்கு முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் திருகுச் சாவி எடுத்து என் சைக்கிள் சீற்றை உயர்த்தினார்.

அன்புடன்,
சின்னண்ணா


நோபல் பார்க்,
8 ஜூலை 2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

உன் ஜூன் மாதக் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். நீயும் மச்சானும் குளிருக்குக் கவனம். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் குறைவு.

அண்ணா ஆகஸ்ட் 11 வருகிறார். சயந்தினி மணவறைக்கு நிறம் தெரிவு செய்துவிட்டாள். ரெஜிஸ்ட்ரேஷன் என்ற சொல் இப்போது வீட்டில் கேட்பதில்லை.

இந்தத் தரம் ஒரு பிழையும் விடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அழைப்பு என்பது மட்டையல்ல, வாய் என்பதை நான் விளங்கிக்கொண்டேன். நானும் உன் மச்சாளும் வேட்டி சேலையோடு, பக்கன்ஹாமிலிருந்து கிரேகிபர்ன் வரை, இதுவரை நூற்றுநாற்பத்துமூன்று வீடு ஏறி இறங்கிவிட்டோம். என்னோடு வேலை செய்த சேகர் வீட்டில் ஆள் இல்லாமல் மூன்று தரம் போனோம். வீட்டுக்கு வீடு தேத்தண்ணி, வடை. கொலஸ்ட்ரோல் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆடி பிறக்க முன் எல்லாம் முடியவேண்டும் என்று ஓடுகிறோம். இன்னும் ஒன்பது வீடுதான் மிச்சம்.

நீ வீட்டு ஆள், உனக்கு என்ன அழைப்பு. ஆனாலும் ஞாபகத்துக்கு ஒரு மட்டை இத்துடன் வைக்கிறேன். திராட்சை இலைச் சித்திரம் அண்ணாவின் யோசனை.

அன்புடன்,
சின்னண்ணா


ஸ்ட்ராத்ஃபீல்ட்,
21 ஜூலை 2025

மதிப்புக்குரிய திரு. திருமதி மகேந்திரராஜா அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தினரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறோம். நாங்கள் நலம்.

தாங்கள் அனுப்பிய அழைப்பிதழ் நாலு நாளில் பழுதில்லாமல் வந்துசேர்ந்தது. அச்சு நன்றாக இருக்கிறது. எங்கள் பெயரைப் பேனாவால் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தபால்காரப் பெண் மிகவும் மரியாதையானவர். பெட்டியில் மடங்கிவிடும் என்று வாசல் மணியை அடித்துக் கையிலேயே தந்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை போட்டிருக்கிறார்கள். மணமக்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
ரஞ்சினி


நோபல் பார்க்,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரஞ்சினிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அண்ணா நேற்று வந்து சேர்ந்தார். பயணக் களைப்பைத் தவிர சுகம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.  ஆடியில் கலியாணம் சொல்லப் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஆவணி பிறக்கிறது. அன்று காலை ஏழு மணி விமானத்தில் நானும் உன் மச்சாளும் அண்ணாவும் சிட்னி வருகிறோம். பத்தரை மணிக்குத் தட்டத்தோடு ஸ்ட்ராத்ஃபீல்ட் புகையிரத நிலையத்தில் இறங்குவோம்.

சின்னண்ணா